சம்பளத் துண்டை எறியாதே, மருமோன்

அன்பு மருமோன் நிரோசனுக்கு மாமா எழுதுவது.

நேற்றுப் பின்னேரம் கொம்மா வந்து இருந்தா. தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகும்வரை உன் கதைதான். றெயில் பாதை வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாயாம், கல்கமுவப் பக்கம் பெடியளோடு ஒரு வீட்டில் இருக்கிறாயாம், ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சமைக்கிறீர்களாம். "முட்டை அவிக்கத் தெரியாதவன் அண்ணா, அவன்ர முறை வாற அண்டைக்கு மற்றப் பிள்ளையள் என்ன செய்யுங்கள்?" என்று கேட்டா. பட்டினி கிடக்குங்கள், வேறென்ன செய்யிறது என்றேன். அதற்கு என்னோடு கோபம்.

உனக்குப் போனில் சொன்னால் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் வெட்கத்துக்காவது கடைசிவரை வாசிப்பாய். அதனால்தான் மாமியின் கணக்குக் கொப்பியில் நாலு தாள் கிழித்தேன்.

உயர்தரம் எடுத்த பெடியன் கல் அள்ளப் போயிட்டான் என்று சந்தியில் ஒருவர் சொன்னாராம். காதில் போடாதே. போன கார்த்திகையில் டித்வா புயல் வந்து வடக்குப் பாதையை உடைத்தபோது, யாழ்ப்பாணத்துக்கு றெயில் இல்லையே என்று முதலில் கத்தியவரும் அவர்தான். உடைந்ததை யாரோ ஒருவன் அள்ளிப் போட்டு நிரவினால்தானே அவர் கொழும்புக்கு மகளிடம் போகலாம்? நானும் அந்த வேலை செய்தவன். அதனால்தான் பெருமையாகவும் இருக்கிறது, யோசனையாகவும் இருக்கிறது.

இங்கே பளையில் பாதை போட்ட காலத்தில் நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. பெக்கோ மண் வெட்டுகிறதைப் பார்க்க முள்ளுக்கம்பி வேலியில் ஏறிப் புதுக் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். அடி எனக்குத்தான் விழுந்தது, வாயால். 1990 ஜூனோடு வவுனியாவுக்கு வடக்கே றெயில் நின்றுபோய்விட்டது. அதற்குப் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. சண்டை பிடித்த இரண்டு பக்கமும்தான் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் உன் அண்ணன்மார் கண்ட றெயில். நாங்கள் மீளக் குடியேறி வந்தபோது பாதை இருந்த இடத்தில் பற்றைக்குள்ளே ஒரு நீட்டு மேடு மட்டும் தெரிந்தது. அதில் முதலில் கால் வைத்தவர்கள் மிதிவெடி எடுக்கிறவர்கள். பாதை வேலை என்றால் கல்லும் இரும்பும் என்று நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் அது வெடி எடுக்கிற வேலையில்தான் தொடங்கியது. முகமாலையில் அந்த வேலைக்குப் போன எங்கள் பெண் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு இந்தியக் கடனில், இந்திய அரசின் இர்கொன் கம்பனி வந்தது. ஓமந்தையிலிருந்து பளைக்கு 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறைக்கு 56 கிலோமீற்றர். எனக்கு வேலை தந்தவர் அதற்குக் கீழே, அதற்கும் கீழே இருந்த ஒரு சின்னக் கொன்றாக்காரர். பேர் வேண்டாம். குடாநாட்டுப் பக்கம் சுண்ணாம்புக்கல், அது பாதைக்கு உதவாது. அதனால் கருங்கல் முழுக்கத் தெற்கேயிருந்து வரவேண்டும். முதலில் கிரவல் போட்டு உருட்டி, மேலே கல் பரப்பி, அதற்கு மேல் கொங்கிறீற்றுச் சிலிப்பர். ஒன்று கால் தொன்னுக்குக் கிட்ட வரும். கிலோமீற்றருக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வேணும். ஒவ்வொன்றிலும் நாலு கிளிப் அடிக்கவேண்டும். கிளிப் சரியாகப் பிடித்துக்கொண்டால் சம்மட்டிச் சத்தம் 'டொக்' என்று அடங்கும். பிடிக்காவிட்டால் கிணுங்கும். கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஆடி மாதச் சோளகத்தில் புழுதி கண்ணை மூடினாலும் எங்களுக்குச் சத்தத்தில் வேலை தெரியும். மத்தியானம் தண்டவாளத்தில் வெறுங்கை வைத்தால் தோல் அங்கேயே நிற்கும். ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் பக்கத்தில் வைத்திருப்போம். உங்களுக்குக் கையுறை தருகிறார்களா? தராவிட்டால் கேள். கேட்கிறதில் வெட்கமில்லை. கொம்மாவிடம் மோட்டார்சைக்கிள் கேட்டபோது இருந்த தைரியத்தில் பாதி போதும்.

இனி நான் சொல்ல வந்தது. 2014 மார்ச் 4 பளைக்கு றெயில் வந்தது. ஊரே ஸ்ரேசனில் நின்றது, நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாதையைப் போட்டவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த கிழமை வேலை இருந்தது என்று நினைக்கிறாய்? வடக்கே, காங்கேசன்துறைப் பக்க வேலைக்குச் சிலரை எடுத்தார்கள். மற்றவர்கள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தேங்காய் உரிக்கப் போனார்கள். வீடு கட்டினாலும் ரோட்டுப் போட்டாலும் அப்படித்தான், தெரியும். ஆனால் பாதை வேலையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது: எவ்வளவு கெதியாக, எவ்வளவு திறமாகச் செய்கிறாயோ அவ்வளவு கெதியாக அந்த இடத்தில் உன் வேலை முடியும்.

கடைக்காரர்களுக்கும் இதே கதைதான். மார்ச்சிலிருந்து ஏழு மாதம் பளைதான் கடைசி ஸ்ரேசன். கொழும்பிலிருந்து வருகிற சனம் இங்கே இறங்கித்தான் யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடிக்கவேண்டும். வான், ஓட்டோ, தேத்தண்ணிக்கடை, இளநீர், கச்சான். ஸ்ரேசன் ரோட்டில் நடக்க இடமில்லை. ஒரு மனிசன் கடைக்கு மேல்மாடி எடுக்கிறேன் என்று தூண்கம்பியும் கட்டிவிட்டான். ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. அதற்குப் பிறகு பளையில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் ஒரு தேத்தண்ணி ஊதிக் குடிக்க ஏலாது. கம்பி இன்றைக்கும் துருப்பிடித்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, வரும்போது காட்டுகிறேன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பளைக்கு இது முதல் தரம் இல்லை. 1902 மார்ச்சில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு முதல் பாதை, அந்த செப்ரெம்பரிலேயே பளைவரை. அப்போதும் கொஞ்சக் காலம் பளைதான் முனை. 1905 ஓகஸ்ட் 1 கொழும்பிலிருந்து நேரே வண்டி ஓடத் தொடங்கியதும் இது நடுவழி ஸ்ரேசன் ஆகிவிட்டது. நூற்றுப்பத்து வருசம் கழித்து அதையே திரும்பச் செய்தார்கள், இந்த முறை தெற்குப் பக்கத்தால் வந்து.

அதனால் வேலை முடிகிற நாளை இப்போதே மனதில் வைத்துக்கொள். பயப்படச் சொல்லவில்லை. முடிகிறபோது உன் கையில் என்ன இருக்கும் என்று பார்த்து நடக்கச் சொல்கிறேன்.

முதலாவது கடதாசி. உன்னைத் தெரியும் எனக்கு. பள்ளிக்கூட றிப்போட்டையே மழையில் நனையவிட்டவன் நீ. (நனைந்ததா, நனைத்ததா என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.) சம்பளத் துண்டு ஒன்றையும் எறியாதே. துண்டே தராவிட்டால் ஒரு கொப்பியில் நாள், இடம், செய்த வேலை, மேற்பார்வை செய்தவர் பேர், எடுத்த காசு எல்லாம் இரவில் படுக்கமுன் எழுது. ஐந்து நிமிட வேலை. மாதம் முடிய அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. உன் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர் தனியாகக் கட்டவேண்டும், அதை உன்னிடம் பிடிக்கக்கூடாது. "நீர் நாட்கூலி, தற்காலிகம், உமக்கு அது இல்லை" என்று யாரும் சொன்னால் தலையாட்டாதே. 1958ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டத்தில் நாட்கூலிக்காரனும் தற்காலிகக்காரனும் அடக்கம்தான். உன் அங்கத்தவர் இலக்கம் என்ன என்று கேட்டு வாங்கு. ஐம்பத்தைந்து வயதில் எடுக்கிற காசுக்கு இப்போது என்ன அவசரம் என்று சிரிப்பாய். எனக்கு அந்த வயது கிட்ட வந்துவிட்டது மருமோன், அது நீ நினைக்கிற அளவு தூரத்தில் இல்லை.

என்னோடு வேலை செய்த ஒருவனுக்கு மாதா மாதம் அந்த 8 வீதத்தைப் பிடித்தார்கள். கட்டவில்லை. கொன்றாக்காரர் வேலை முடிந்ததும் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இவன் தொழில் திணைக்களத்துக்குப் போனான். அவர்கள் நல்லபடியாகத்தான் கேட்டார்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எவ்வளவு சம்பளம், துண்டு எங்கே? வந்த துண்டெல்லாம் வெற்றிலை மடிக்கப் போய்விட்டது. அவன் சிலிப்பர் தூக்கியதை நாங்கள் இருபது பேர் கண்ணால் கண்டோம். அந்த மேசையில் எங்கள் கண் செல்லவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறி அங்கே றெயில்வேயில் கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் இருந்தார்கள். திரும்பி வந்து கல்வீடு கட்டி, மலாயாப் பென்சன் எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்த கிழவர்களைக் கொம்மம்மா கண்டிருக்கிறா. அவர்கள் பேர் இடாப்பில் இருந்தது, அதனால் பென்சன் கடல் தாண்டி வந்தது. அதே மலாயாவில் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ச் சனத்தை 1942இலும் 1943இலும் ஜப்பான்காரன் சியாம்–பர்மாப் பாதை போடக் கொண்டுபோனான். 415 கிலோமீற்றர், காட்டுக்குள்ளே. வாந்திபேதியிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அந்த வேலையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பேர் வெட்டிய கல்லோடு மயானம் இருக்கிறது. எங்கள் சனத்தில் அநேகம் பேருக்கு அப்படி ஒரு கல் இல்லை, பட்டியலும் இல்லை. பட்டாளத்துக்காரன் பேரைப் பட்டாளம் எழுதி வைத்திருந்தது. கூலிக்காரன் பேரை எழுத ஆள் இருக்கவில்லை. எனக்கு இதை வாசித்த அன்று சோறு இறங்கவில்லை. உன்னுடைய கொப்பியைப் பற்றி நான் இவ்வளவு நச்சரிக்கிறதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

அடுத்தது பாஷை. நீ இருக்கிற இடத்தில் சுற்றிவரச் சிங்களச் சனம். பெடியள் எல்லாரும் தமிழ் என்று வீட்டுக்குள்ளேயே கிடக்காதே. தேத்தண்ணிக்கடை அம்மாவோடு கதை. பிழையாகக் கதைத்தால் அவ சிரிப்பா, சிரித்துவிட்டுத் திருத்துவா. ஆறு மாதத்தில் சிங்களம் வந்துவிடும். நான் இங்கே இந்திய ஆட்களிடம் ஹிந்தி பொறுக்கினேன். 'உயர்த்து, இறக்கு, நில்' என்று தொடங்கினது, இப்போது ஹிந்திப் படம் பாதி விளங்கும். மாமி நம்பமாட்டா. எங்கள் கூட்டத்தில் ஓவசியரோடு நேரே கதைக்கக்கூடியவனுக்குத்தான் நிழலில் அளவு எடுக்கிற வேலை கிடைத்தது. கதைக்கத் தெரியாதவன் வெயிலில் கல் அள்ளினான். இரண்டு பேருக்கும் கெட்டித்தனம் ஒரே அளவுதான்.

மூன்றாவது, ஒரு மெசினுக்குப் பக்கத்தில் நில். கல் இறுக்குகிற மெசினோ, தண்டவாளம் உருக்கி ஒட்டுகிற வேலையோ, மட்டம் பார்க்கிற கருவியோ, எதுவென்றாலும் சரி. இரண்டு தண்டவாளத்தின் உள்முகங்களுக்கும் நடுவே ஐந்தடி ஆறங்குலம் என்று உனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அது வளைவில் என்ன ஆகும், ஏன் ஒரு பக்கத் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போடுகிறார்கள் என்று கேள். கேள்வி கேட்கிற பெடியனை ஓவசியர்மார் முதலில் ஏசுவார்கள், பிறகு அவனைத்தான் கூப்பிடுவார்கள். செய்து பழகிய வேலைக்குப் பரீட்சித்து என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற முறை நைற்றா பயிற்சி அதிகார சபையில் இருக்கிறது, திரும்பப் போய் வகுப்பில் குந்தத் தேவையில்லை. அதற்கும் நீ வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். திரும்ப அந்தக் கொப்பிதான். படிக்க மனம் வந்தால் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். கொம்மாவுக்கு அதுதான் ஆசை. அவ உனக்குச் சொல்லச் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

"பிறகு நிரந்தரமாக்குவம்" என்ற வாக்கை வைத்துக் கலியாணம் பேசாதே. பாதை வந்தபோது கடவைகளுக்குக் காப்பாளர் தேவைப்பட்டது. 2013ஆம் ஆண்டளவில் பொலிசுக்குக் கீழே ஆட்களை எடுத்தார்கள். நாளுக்கு 250 ரூபா, மாதம் 7,500. இரவு பகல், மழை வெயில், ஒரு சின்னக் கொட்டில். ஒரு நிமிடம் கண் அயர்ந்தால் ஒரு பஸ் சனம் போய்விடும், அவ்வளவு பொறுப்பு. நிரந்தரமாக்கச் சொல்லி வருசக்கணக்காக ஆர்ப்பாட்டமும் வேலைநிறுத்தமும் செய்தார்கள். இருபத்தைந்து வயதில் போய்க் குந்தினவனுக்குத் தலை நரைத்தது, சம்பளம் நரைக்கவில்லை. அந்த வேலையைப் பழிக்கவில்லை, எத்தனையோ உயிரைக் காத்தவர்கள். ஆனால் நீ அரச வேலை என்று போனால் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போ. வெள்ளிக்கிழமை வர்த்தமானி வரும், போனிலேயே தமிழில் பார்க்கலாம். ரிக்ரொக் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிடம் அதற்குக் கொடு. பாதை என்று ஒன்று இருந்தால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். நீ நிற்கிற மாகோ–ஓமந்தைப் பாதையையே பார். 2023இலும் 2024இலும் மூடி வைத்துத் திருத்தினார்கள், 2025இல் புயல் வந்தது. றெயில்வேத் திணைக்களத்துக்கு ஆள் எடுக்கும்போது பாதை தெரிந்தவன் வரிசையில் நிற்கவேண்டும், கையில் கடதாசியோடு.

போன் வயரைக் காதில் செருகிக்கொண்டு பாதையில் நடக்காதே. இதை அதட்டித்தான் சொல்கிறேன். பழைய பாதை தடக் தடக் என்று தூரத்திலேயே சொல்லிவிடும். ஒட்டின தண்டவாளம் அப்படிச் சொல்லாது. மணிக்கு 120 கிலோமீற்றரில் வருகிற வண்டிக்கு நூறு மீற்றர் கடக்க மூன்று செக்கன்தான். நீ திரும்பிப் பார்த்து 'றெயிலோ?' என்று யோசிக்கிற நேரம் அது. றெயிலே காணாமல் வளர்ந்த வன்னிச் சனத்துக்கு இதைப் பழக எவ்வளவு மாடும் எவ்வளவு மனிசரும் போனது என்று உனக்குத் தெரியும். பாதையில் வேலை செய்கிறவனுக்குத்தான் பயம் முதலில் விட்டுப்போகிறது.

காசைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கொம்மாவுக்கு அனுப்புகிறதை சம்பளம் எடுத்த அன்றே அனுப்பு, கிழமை கழிந்தால் அது தானாகக் குறையும். சாராயத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் மாமா சந்தேகப்படுகிறார் என்று நினைப்பாய். மாமா சந்தேகப்படவில்லை, அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு அலுவலாக வருகிறேன், அவ்வளவுதான்.

மாமி பருப்புப்பொடியும் மாசிச் சம்பலும் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறா. நம்முடைய பக்கத்துப் பெடியன் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான், கொடுத்துவிடுகிறேன். சம்பல் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைக்காமல் நடுவில் வை, உன் சமையல் முறையன்று எல்லாருக்கும் அது தேவைப்படும். உன் மோட்டார்சைக்கிளை நான்தான் ஓடுகிறேன். சும்மா நின்றால் பற்றரி இறங்கிவிடும் என்று நல்லெண்ணத்தில்தான். பின் ரயர் தேய்ந்துபோயிருந்தது, மாற்றிவிட்டேன். பில் உன் பேரில், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா
பளை